கடிதம் எங்கே இருக்கிறது?

பிள்ளைகளே, பள்ளியில் ஆசிரியர் எழுதிக் கொடுத்த டெலிமா அடையாளத்தைக் கொஞ்சம் எடுத்துப் பாருங்கள். முதலில் ஓர் எழுத்து, பிறகு எண்கள், நடுவில் @ குறி, அதற்கு அப்பால் கல்வி அமைச்சின் இணையப் பெயர். மின்னஞ்சல் முகவரி இப்படித்தான் இருக்கும். 2020 ஜூன் மாதம் மலேசியக் கல்வி அமைச்சு டெலிமா என்ற இணையவழிக் கற்றல் தளத்தைத் தொடங்கியது. கோவிட் காலம் அது. பள்ளிகள் மூடிக் கிடந்தன. பாடம் வீடு தேடி வந்தது. ஈஜோக், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் என்று வட சிலாங்கூர் முழுக்க, தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள் பலருக்கு இணையத்தில் கிடைத்த முதல் முகவரி இதுதான்.

அந்த அடையாளத்தைக் கொண்டு பள்ளிக் கணினி அறையில் நுழைகிறீர்கள். மாலையில் அப்பாவின் கைப்பேசியில் நுழைகிறீர்கள். விடுமுறைக்குப் பூச்சோங் போனால் சித்தி வீட்டு மடிக்கணினியில் நுழைகிறீர்கள். மூன்று இடத்திலும் உங்களுக்கு வந்தவை அப்படியே இருக்கின்றன. பள்ளிக் கணினியை அணைத்துவிட்டுத்தானே வீட்டுக்கு வந்தீர்கள்? அப்படியென்றால் உங்களுக்கு வந்த கடிதம் எங்கே இருக்கிறது?

இன்றைக்கு நாம் பேசப்போவது இந்தக் கேள்வியைப் பற்றித்தான்.

தோட்டத்து ஆபீசில் ஒரு மேசை

தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். கோல சிலாங்கூர்த் தோட்டங்களில் பால்மரம் நின்ற காலத்தில், லயத்து வீடுகளுக்குத் தபால்காரர் வீடு வீடாக வருவது அரிது. தமிழ்நாட்டிலிருந்து வரும் நீல நிற வான்மடல்கள் எல்லாம் தோட்டத்து ஆபீசுக்குத்தான் வரும். ஆபீஸ் எழுத்தரான கிராணி அவற்றைப் பிரித்து அடுக்கி வைப்பார். வேலை முடிந்து வருகிறவர்கள் ஆபீசில் கேட்டு வாங்கிக்கொள்வார்கள். முகவரி என்றால் பெயர், தோட்டத்தின் பெயர், பக்கத்து ஊர். அவ்வளவுதான்.

உலாவியில் திறந்து படிக்கிற இணையவழி மின்னஞ்சலும் இப்படித்தான் நடக்கிறது. கடிதம் உங்கள் கைப்பேசிக்கு நேராக வந்துவிடுவதில்லை. சர்வர் என்று சொல்கிறோமே, அந்த வழங்கிக் கணினி ஒன்றில் போய்ச் சேர்கிறது. இரவும் பகலும் அணையாமல் ஓடுகிற அந்தக் கணினிதான் இங்கே தோட்டத்து ஆபீஸ். நீங்கள் உலாவியைத் திறந்து பெயரும் கடவுச்சொல்லும் தந்ததும், உங்கள் பெயருக்கு வந்ததை அது திரையில் காட்டுகிறது.

ஒரு வித்தியாசம் உண்டு. ஆபீசில் கடிதத்தை வாங்கிவிட்டால் அது உங்கள் கைக்கு வந்துவிடும்; மேசை காலியாகிவிடும். இணையவழி மின்னஞ்சலில் நீங்கள் பார்ப்பது ஒரு படி மட்டுமே. கடிதம் வழங்கியிலேயே கிடக்கிறது. அதனால்தான் எந்தக் கணினியில் திறந்தாலும் அது அங்கே இருக்கிறது.

கணினியோடு கட்டிப்போட்ட காலம்

மின்னஞ்சல் பிறந்தபோது இப்படி இல்லை. 1971-இல் அமெரிக்காவில் ரே டாம்லின்சன் என்ற பொறியாளர், அர்ப்பாநெட் என்ற வலையமைப்பின் வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்குக் கடிதம் அனுப்பினார். இரண்டு கணினிகளும் ஒரே அறையில் பக்கத்தில் பக்கத்தில் நின்றன! ஆள் பெயரையும் கணினிப் பெயரையும் பிரித்துக் காட்ட அவர் தேர்ந்தெடுத்த குறிதான் @. இடப்பக்கம் இருப்பது ஆள். வலப்பக்கம் இருப்பது அவருடைய கடிதம் சேரும் இடம்.

பிறகு பல ஆண்டுகள் மின்னஞ்சல் வேண்டுமென்றால் இணையச் சேவை நிறுவனத்துக்கு மாதக் கட்டணம் கட்ட வேண்டும். அல்லது பெரிய அலுவலகத்திலோ பல்கலைக்கழகத்திலோ இருக்க வேண்டும். கணினியில் தனியாக ஒரு மென்பொருளை நிறுவ வேண்டும். அந்த மென்பொருள் வழங்கியிலிருந்து கடிதங்களை இறக்கி அந்த ஒரே கணினியில் வைத்துக்கொள்ளும். வீட்டுக் கணினியில் இறக்கிய கடிதத்தை வெளியூரில் படிக்க வழி இருக்காது. சொந்தக் கணினி இல்லாதவர்களுக்குச் சொந்த முகவரியும் இல்லை.

இதை மாற்றியவர்கள் இரண்டு பேர். ஒருவர் சண்டிகரில் பிறந்து பெங்களூரில் வளர்ந்த சபீர் பாட்டியா. மற்றவர் அவருடன் வேலை பார்த்த ஜாக் ஸ்மித். புதிய தொழில் ஒன்றைத் தொடங்குவது பற்றி இருவரும் ஒருவருக்கொருவர் எழுத நினைத்தார்கள். அலுவலக வலையமைப்பின் பாதுகாப்புச் சுவரோ அவர்களுடைய சொந்த மின்னஞ்சலைத் திறக்க விடவில்லை. உலாவி மட்டும் எல்லாக் கணினியிலும் இருந்தது. ‘கடிதத்தையே ஓர் இணையப் பக்கமாக்கிவிட்டால் என்ன?’ இந்த எண்ணத்திலிருந்துதான் ஹாட்மெயில் பிறந்தது.

1996 ஜூலை 4, அமெரிக்காவின் சுதந்திர நாள். அன்றுதான் ஹாட்மெயிலை வெளியிட்டார்கள். கட்டணம் இல்லை. மென்பொருள் நிறுவத் தேவையில்லை. எந்த ஊரில் எந்தக் கணினி கிடைத்தாலும் போதும். அனுப்புகிற ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும், நீங்களும் இலவசமாக ஒரு முகவரி பெறலாம் என்று ஒரு வரி தானாகச் சேர்ந்துகொண்டது. கடிதம் போன இடமெல்லாம் செய்தியும் போனது. ஒன்றரை ஆண்டுக்குள் 80 லட்சத்துக்கும் அதிகமானோர் சேர்ந்தார்கள். 1997 டிசம்பரில் மைக்ரோசாஃப்ட் ஏறக்குறைய 400 மில்லியன் டாலர் மதிப்பில் ஹாட்மெயிலை வாங்கியது.

நம்மவர்களுக்கு இதில் என்ன லாபம்? தோட்டங்கள் விற்கப்பட்டு வீடமைப்புத் திட்டங்களானபோது, தலைமுறையாக அங்கே இருந்த குடும்பங்கள் ஈஜோக்கிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் புஞ்சாக் ஆலாமிலும் குடியேறின. தோட்டத்தோடு முகவரியும் போயிற்று. பழைய முகவரிக்கு எழுதிய உறவினர் கடிதங்கள் ஆளைத் தேடி அலைந்தன. இணையவழி மின்னஞ்சல் முகவரி ஊரோடு ஒட்டியது அல்ல. வீடு மாறினாலும் கைப்பேசி தொலைந்தாலும் முகவரி மாறாது. சொந்தமாகக் கணினி வாங்க முடியாத பிள்ளைக்கும் சொந்தமாக ஒரு முகவரி இருக்கலாம். இந்தக் கண்டுபிடிப்பில் எனக்கு மிகப் பிடித்தது இதுதான்.

‘அனுப்பு’ என்றதும் என்ன நடக்கிறது?

கோல சிலாங்கூரிலிருந்து சென்னையில் இருக்கும் அத்தைக்கு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ‘அனுப்பு’ பொத்தானைத் தொட்டதும், உலாவி உங்கள் எழுத்துகளை மறைகுறியாக மாற்றி உங்கள் சேவையின் வழங்கிக்கு அனுப்புகிறது. சில உலாவிகளின் மேலே தெரிகிற சிறிய பூட்டுப் படம் இதைத்தான் சொல்கிறது: வழியில் யாராவது எட்டிப் பார்த்தாலும் படிக்க முடியாது.

அடுத்து வழங்கி @ குறிக்கு வலப்பக்கம் இருப்பதைப் படிக்கிறது. டிஎன்எஸ் என்ற இணையப் பெயர்ப் பதிவேட்டைக் கேட்கிறது: ‘இந்தப் பெயருக்கு வரும் அஞ்சலை வாங்குகிற கணினி எது?’ விடை கிடைத்ததும் அந்தக் கணினியைத் தொடர்புகொள்கிறது. இரண்டு வழங்கிகளும் பேசிக்கொள்ள எஸ்எம்டிபி என்ற விதிமுறை 1982-லிருந்து இருக்கிறது. அனுப்புகிற வழங்கி ‘ஹெலோ’ சொல்லித்தான் தன் பேச்சைத் தொடங்கும்! பிறகு, யாரிடமிருந்து, யாருக்கு, இதோ கடிதம் என்று வரிசையாகச் சொல்லும். வாங்கிக்கொண்டதும் மறுபக்கம் 250 என்று பதில் தரும். ‘சரி, பெற்றுக்கொண்டேன்’ என்பதற்கு அந்த எண்.

அத்தையின் வழங்கி பழுதாகி நின்றிருந்தால்? உங்கள் வழங்கி கடிதத்தைத் தூக்கி எறியாது. வரிசையில் வைத்து, சற்று நேரம் கழித்து மறுபடியும் முயலும். நாள்கணக்கில்கூட முயன்று பார்த்து, முடியாதபோதுதான் உங்களுக்குத் தகவல் சொல்லும். இணையத் தொடர்பு விட்டு விட்டு வருகிற தோட்டத்து வீடுகளுக்கு இது நல்ல குணம். எழுதுகிறவரும் படிக்கிறவரும் ஒரே நேரத்தில் தொடர்பில் இருக்க வேண்டிய கட்டாயமே இல்லை.

கடல் கடப்பது எப்படி? வான்வழியாகச் செயற்கைக்கோள் மூலம் போகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலான தகவல்கள் கடலுக்கு அடியில், தலைமுடி அளவு மெல்லிய கண்ணாடி இழைகளில், ஒளியாகப் போகின்றன. சீ-மீ-வீ 4 என்ற கடலடிக் கம்பிவடம் மலாக்காவையும் சென்னையையும் தொட்டுச் செல்கிறது. கண்ணாடி இழையில் ஒளி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 200,000 கிலோமீட்டர் ஓடும். கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் நேர்த் தொலைவு சுமார் 2,600 கிலோமீட்டர். வகுத்துப் பாருங்கள்: ஒரு விநாடியை 1,000 பங்காக்கினால் அதில் 13 பங்கு! கம்பிவடம் வளைந்து செல்வதாலும், வழியில் பல கருவிகளைத் தாண்டுவதாலும் இன்னும் கொஞ்சம் கூடும். உங்கள் கொள்ளுத்தாத்தா காலத்தில் இதே வங்காள விரிகுடாவை ரஜுலா கப்பல் கடக்க ஏறக்குறைய ஒரு வாரம் ஆனது.

‘அம்மா’ எப்படிப் போகிறாள்?

கணினிக்கு எண்கள் மட்டுமே தெரியும். தொடக்ககால மின்னஞ்சலில் மொத்தம் 128 குறிகளுக்குத்தான் எண் கொடுத்திருந்தார்கள். ஆங்கில எழுத்துகள், எண்கள், நிறுத்தக்குறிகள் போட்டதும் இடம் தீர்ந்துவிட்டது. தமிழுக்கு இடமில்லை.

நம் ஆட்கள் சும்மா இருக்கவில்லை. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவரும் வேலையில் இறங்கினார். அவர் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளால் உலகெங்கும் தமிழர்கள் தமிழிலேயே கடிதம் எழுதினார்கள். ஆனாலும் ஒரு தொல்லை இருந்தது. ஒவ்வொரு மென்பொருளும் தமிழ் எழுத்துகளுக்கு வெவ்வேறு எண்களைக் கொடுத்தது. அனுப்பியவரிடம் இருக்கிற எழுத்துரு பெற்றவரிடம் இல்லையென்றால், திரையில் புரியாத குறிகளே தெரியும். இதைச் சீராக்கவே அறிஞர்கள் 1997-இல் சிங்கப்பூரிலும், 1999-இல் சென்னையிலும், 2001-இல் நம் கோலாலம்பூரிலும் மாநாடு கூட்டிப் பேசினார்கள். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடு முறை பரவிய பிறகு குழப்பம் தீர்ந்தது. யூனிகோட்டில் தமிழ் 1991 முதலே இருக்கிறது.

இப்போது ஒரு கணக்கு. ‘அம்மா’ என்ற சொல்லை யூனிகோடு ஐந்து துண்டாகப் பார்க்கிறது: அ, ம, புள்ளி, ம, துணைக்கால். ஒவ்வொரு துண்டுக்கும் 3 பைட். ஆக மொத்தம் 15 பைட். பழைய மின்னஞ்சல் வழிகளில் இது சேதமாகாமல் போக வேண்டுமே! அதற்காக ஒரு தந்திரம் செய்கிறார்கள். ஒவ்வொரு 3 பைட்டையும் நான்கு சிறு பங்காக்கி, ஒவ்வொரு பங்குக்கும் ஒரு குறி தருகிறார்கள். பெரிய ஆங்கில எழுத்து 26, சிறிய எழுத்து 26, எண்கள் 10, கூட இரண்டு குறிகள்: மொத்தம் 64. அதனால் இந்த முறையின் பெயர் பேஸ்64. இதில் ‘அம்மா’ 20 குறிகளாகிப் பயணம் போவாள். போய்ச் சேர்ந்ததும் மறுபடி ‘அம்மா’ ஆகிவிடுவாள்.

படமும் பாட்டும் போவது இதே தந்திரத்தால்தான். நத்தேனியல் போரன்ஸ்டைன் என்பவர் 1992 மார்ச் 11-இல், தம் பாட்டுக் குழுவின் படத்தையும் பாடலையும் மின்னஞ்சலோடு இணைத்து அனுப்பிக் காட்டினார். நீங்கள் வீட்டுப்பாடத்தைப் படம் பிடித்து அனுப்புகிறீர்களே, அதற்கு வழி போட்டவர்களில் அவரும் ஒருவர்.

புதிய சேவையைத் திறந்ததும் எதைப் பார்ப்பது?

புதிதாக ஒரு மின்னஞ்சல் சேவையைத் திறந்தால் நம் கண் முதலில் நிறத்துக்கும் அழகுக்கும்தான் போகும். அறிவியல் கண்ணோடு பார்க்கிறவர்கள் நான்கு விஷயங்களைத் தேடுவார்கள்.

ஒன்று, இடம். ஜிமெயில் வருவதற்கு முன்பு ஹாட்மெயில் இலவசமாகத் தந்தது 2 மெகாபைட். இன்றைய கைப்பேசியில் எடுக்கும் ஒரே ஒரு படம் அதை நிரப்பிவிடலாம். பழைய கடிதத்தை அழித்தால்தான் புதியது வர முடியும். 2004 ஏப்ரல் 1-இல் ஜிமெயில் 1 கிகாபைட் தருவதாக அறிவித்தது. ஏறக்குறைய 500 மடங்கு! முட்டாள்கள் தினத்தில் சொன்னதால் பலர் அதை நம்பவே இல்லை.

இரண்டு, குப்பை அஞ்சல். 1978 மே மாதத்திலேயே கேரி தூர்க் என்ற விற்பனையாளர் அர்ப்பாநெட்டில் சுமார் 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பினார். கேளாமல் வந்த முதல் விளம்பர மின்னஞ்சல் என்று அதைச் சொல்வார்கள். இப்போது வழங்கிகள் பழைய குப்பைகளைப் படித்துப் பழகி, எந்தச் சொற்கள் எவ்வளவு முறை வருகின்றன, அனுப்பிய கணினி நம்பத்தக்கதா என்று கணக்கிட்டுப் பிரிக்கின்றன. நீங்கள் ஒரு கடிதத்தைக் குப்பை என்று குறிக்கும்போது அந்தக் கணினிக்குப் பாடம் சொல்லித் தருகிறீர்கள். கணக்குத் தவறவும் செய்யும். ‘பரிசு விழுந்திருக்கிறது’, ‘உடனே கடவுச்சொல்லைத் தராவிட்டால் கணக்கை மூடிவிடுவோம்’ என்று வந்தால், அதில் உள்ள இணைப்பைத் தொடாதீர்கள். அம்மா அப்பாவிடமோ ஆசிரியரிடமோ காட்டுங்கள்.

மூன்று, கடவுச்சொல். நல்ல சேவைகள் உங்கள் கடவுச்சொல்லை அப்படியே எழுதி வைப்பதில்லை. திரும்பிப் போக முடியாத ஒரு கணக்கைச் செய்து, அதன் விடையை மட்டும் வைத்துக்கொள்கின்றன. 5,000-ஐ 97-ஆல் வகுத்தால் மீதி 53. இந்த 53-ஐ மட்டும் பார்த்து முதல் எண் 5,000 என்று சொல்ல முடியுமா? 150-க்கும் 53, 247-க்கும் 53 வருமே! உண்மையான கணக்கு இதைவிடப் பலமடங்கு கடினமானது. ஆனால் கடவுச்சொல் சிறியதாக இருந்தால், திருடர்கள் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துவிடுவார்கள். 26 ஆங்கிலச் சிறு எழுத்துகளை மட்டும் வைத்து, 8 எழுத்துக் கடவுச்சொல்லை 12 எழுத்தாக நீட்டுங்கள். போட்டுப் பார்க்க வேண்டியவை 456,976 மடங்கு கூடும். 26-ஐ நான்கு முறை பெருக்கிச் சரிபாருங்கள்.

நான்கு, முகவரி யாருடையது? டெலிமா அடையாளம் பள்ளிப் படிப்புக்காகக் கொடுத்தது. பள்ளியை விட்டுப் போகும் முன் உங்களுக்கு வேண்டியவற்றை வேறிடத்தில் சேமித்துக்கொள்ள வேண்டும். சொந்த முகவரி தொடங்க வயது வரம்பு உண்டு. ஜிமெயிலுக்கு இங்கே 13. அதற்குக் குறைந்தவர்கள் பெற்றோர் மேற்பார்வையில்தான் தொடங்க வேண்டும்.

பழைய தோட்ட மண்ணில் ஒரு தரவு மையம்

வழங்கிக் கணினிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றாக ஓடுகிற கட்டடத்தைத் தரவு மையம் என்கிறோம். அவை சூடாகாமல் இருக்க ஓயாமல் குளிரூட்ட வேண்டும். மின்சாரம் நின்றால் உடனே மின்கலங்களும் மின்னாக்கிகளும் கைகொடுக்க வேண்டும். ஒரு வட்டு பழுதானாலும் கடிதம் அழியாமல் இருக்க, ஒரே கடிதத்தின் படிகளை வெவ்வேறு இடங்களில் வைப்பார்கள். இணையத்தைக் கண்ணால் பார்க்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அதற்கு மண்ணும் தண்ணீரும் மின்சாரமும் வேண்டும்.

2024 அக்டோபர் 1-இல் கூகுள் நிறுவனம் மலேசியாவில் தன் முதல் தரவு மையத்துக்கு அடிக்கல் நாட்டியது. இடம் எங்கே தெரியுமா? நம் சிலாங்கூரின் எல்மினா பிசினஸ் பார்க். ஒரு காலத்தில் எல்மினா தோட்டம் இருந்த வட்டாரம் அது. நம் முன்னோர் பால் வெட்டிய மண்ணில் உலகத்தின் தகவல்களைக் காக்கும் கணினிகள் வருகின்றன. அங்கே வேலை செய்ய மின்பொறியாளர்கள், குளிரூட்டும் நுட்பம் தெரிந்தவர்கள், வலையமைப்பைக் கவனிப்பவர்கள் தேவைப்படுவார்கள். அந்த வேலைகளுக்கு உங்களில் சிலர் போக வேண்டும் என்பது என் ஆசை.

செய்து பாருங்கள்

பெரியவர் ஒருவரின் உதவியோடு, ஜிமெயில் கணக்கு ஒன்றைக் கணினியில் திறந்து, வெளியூர் உறவினர் ஒருவரிடமிருந்து வந்த கடிதத்தைத் தேர்ந்தெடுங்கள். கடிதத்தின் மேல் ஓரத்தில் இருக்கும் மூன்று புள்ளிகளைத் தொட்டால், அசல் வடிவத்தைக் காட்டும் வசதி கிடைக்கும். ‘ரிசீவ்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லோடு தொடங்கும் வரிகளைத் தேடுங்கள். கடிதம் கடந்த ஒவ்வொரு வழங்கியும் தன் பெயரையும் நேரத்தையும் அதில் பதிந்திருக்கும். புதிய வரி எப்போதும் மேலே சேரும். அதனால் கீழிருந்து மேலாகப் படிக்க வேண்டும். நேரத்துக்குப் பின்னால் கூட்டல் அல்லது கழித்தல் குறியோடு ஓர் எண் இருக்கும். அது நேர வலயம். மலேசிய நேரமென்றால் கூட்டல் 0800. எல்லாவற்றையும் மலேசிய நேரத்துக்கு மாற்றிவிட்டு, ஒவ்வொரு வழங்கிக்கும் இடையில் எத்தனை விநாடி ஆயிற்று என்று கழித்துப் பாருங்கள்.

அதை ஓர் அட்டவணையாக எழுதி வகுப்பு நண்பர்களின் அட்டவணையோடு ஒப்பிடுங்கள். எந்தக் கடிதம் எங்கே அதிக நேரம் காத்திருந்தது, ஏன் என்று பேசுங்கள். பிறகு அந்த உறவினருக்கே ஒரு பதில் எழுதி, உங்கள் கணக்கையும் அதில் சொல்லுங்கள். தமிழிலேயே எழுதுங்கள், ஓர் எழுத்தும் சிதையாமல் போய்ச் சேரும்.